ஏரிக்கரையில் ஓர் இடிந்த கோட்டை கட்டினோம்

போன வாரம் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவன் ஆபீசுக்குப் போனால் எல்லோரும் மரியாதையாக எழுந்து நிற்பார்கள். அவன் உட்காரத்தான் நாற்காலி இருக்காது. படம் வரையும் அறையில் இரண்டு பேர், ஒருவர் தமிழர், ஒருவர் பர்மியர், தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். யுத்தத்தில் குண்டு விழுந்து பாதி நிற்கிற கட்டடங்களையெல்லாம் அளந்து படம் போடும்படி உத்தரவாம்.

"நேரான சுவர்னா ஒரு கோடு இழுத்துட்டுப் போயிடலாம், சயாஜீ. இதுல ஒவ்வொரு கல்லையும் அளக்க வேண்டியிருக்கு. இதைவிடக் கஷ்டமான வேலை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் தமிழர். சயாஜீ என்றால் பர்மிய மொழியில் பெரிய வாத்தியார். நான் யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்தவன் அல்ல. தலை நரைத்தால் இந்த ஊரில் அந்தப் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"பார்த்திருக்கேன். இடிஞ்சதை அளக்கறது சுலபம்யா. இடிஞ்சதைக் கட்டறதுதான் கஷ்டம்" என்றேன். கிழவர் வேடிக்கையாகப் பேசுகிறார் என்று இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். அப்பா ரங்கூன் துறைமுகத்தில் கங்காணி. நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான். இன்சீன் பக்கம் ஒரு தொழிற்பள்ளியில் மூன்று வருஷம் படம் வரையப் பழகினேன். அங்கே கற்ற முக்கியமான பாடம், படத்தின் மேல் வியர்வை சொட்டாமல் எப்படிக் குனிவது என்பது. பிறகு ஸ்காட்லாந்துக்காரர்கள் நடத்திய ஒரு கட்டடக் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். அரிசி ஆலை, நெல் கிடங்கு, ஆலைக்குப் புகைபோக்கி ஆகியவைதான் எங்கள் தொழில். இருபதுகளின் நடுவில் ரங்கூனில் அரிசி இருந்தது, அரிசியைத் தொட்டவனுக்கெல்லாம் கிடங்கு தேவைப்பட்டது, அதனால் எங்களுக்கும் சோறு இருந்தது.

கம்பெனியின் கட்டட வேலைகளுக்குத் தலைவர் கின்லோர் துரை. நெட்டையான ஆள், சிவந்த மூக்கு. வாயில் எப்போதும் புகைக்குழாய் இருக்கும்; அதில் நெருப்பு இருந்து நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். படத்தைக் கொண்டுபோய் மேஜையில் விரித்தால் முதலில் படத்தைப் பார்க்க மாட்டார், நம் விரல்களைப் பார்ப்பார். மசி ஒட்டியிருந்தால் படம் அப்படியே திரும்பி வந்துவிடும். விரல் சுத்தமாக இருந்தால், படத்தில் குறித்த சின்னச் சின்ன அளவுகளையெல்லாம் மனசுக்குள்ளேயே கூட்டி மொத்த அளவோடு சரிபார்ப்பார். அரை அங்குலம் உதைத்தாலும் நீலப் பென்சிலால் ஒரு வட்டம் விழும். சரியாக இருந்தால் "ம்" என்பார். பிரமாதமாக இருந்தாலும் அதே "ம்"தான். ஒரே ஒரு தடவை "ம்ம்" என்றார். அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம், பூர்வீகம். ரங்கூனில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வருஷக் கடைசியில் தங்கள் நாட்டுப் புனிதரின் திருநாளுக்குக் கட்டம்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி ஊதிக்கொண்டு, ஆட்டு வயிற்றுக்குள் எதையோ திணித்து வேகவைத்து, அதை ஊர்வலமாகத் தூக்கி வந்து அதன் முன்னால் செய்யுள் சொல்லிவிட்டுத் தின்பார்கள். நாம் கோயிலில் கிடாய் வெட்டினால் அதை மூடநம்பிக்கை என்று சொல்வதும் அவர்கள்தான். அந்தச் சங்கத்துக்குத் தலைவராக வேண்டுமென்றால் பாட்டன் பூட்டன் யார் என்று சொல்லியாக வேண்டும். டன்வாரி கோட்டையின் பிரபுக்கள் தம் முன்னோர்கள் என்று கின்லோர் துரை சொல்லிவந்தார். அரிசி ஆலைக்காரரான டால்மர் துரைக்கும் அந்தத் தலைவர் நாற்காலியின் மேல் ஒரு கண். "அப்படி ஒரு கோட்டையை நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்று ஒரு விருந்தில் அத்தனை பேர் முன்னாலும் அவர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் துரை என்னைக் கூப்பிட்டார். என் விரலைக்கூடப் பார்க்கவில்லை. அவர் பேசிய இங்கிலீஷைத் தமிழில் எழுதுகிறேன். அந்த உச்சரிப்பை எழுத எந்த மொழியிலும் எழுத்து கிடையாது.

"சுப்பையா, என் பங்களா தோட்டத்தில் டன்வாரி கோட்டையைக் கட்டப்போகிறோம்."

"முழுக் கோட்டையையுமா சார்?"

"முட்டாள். அங்கே இப்போது எவ்வளவு மிச்சம் நிற்கிறதோ அவ்வளவுதான். ஒரு கல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

ஆதாரமாக மூன்று காகிதங்களைக் கொடுத்தார். அவருடைய அத்தை தீட்டிய ஒரு நீர்வண்ணப் படம். அதில் கோட்டையைவிட ஆடுகள் பெரிதாக இருந்தன. ஒரு தபால் அட்டைப் புகைப்படம்; அதில் பாதி மூடுபனி. மூன்றாவது, அந்த ஊர்ப் பாதிரியார் எழுதிய நீண்ட கடிதம். கோட்டையின் வரலாற்றை நான் படித்தது அந்தக் கடிதத்தில்தான்.

அண்ணன் தம்பி இருவருக்கு ஓர் ஓடைத் தண்ணீரைப் பற்றிச் சண்டை வந்திருக்கிறது. தம்பி எந்நேரம் மடையைத் திருப்புகிறான் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்காக அண்ணன் நாலு மாடியில் ஒரு கோபுரம் கட்டினான். அதுதான் கோட்டை. பங்காளிச் சண்டைக்கு நாம் வேலியோடு நிறுத்திக்கொள்வோம். அவர்களிடம் கல் நிறைய இருந்தது. கோட்டை தன் ஆயுளில் ஒரே ஒரு முற்றுகையைச் சந்தித்தது. தம்பி நாற்பது பேரோடு வந்து மூன்று நாள் சுற்றி நின்றான். மழை விடாமல் பெய்தது. எல்லோருக்கும் சளி பிடித்துத் திரும்பிப் போனார்கள். பாதிரியார் இதை "மாபெரும் முற்றுகை" என்று எழுதி அடிக்கோடு வேறு இட்டிருந்தார். எதிரியால் முடியாததைக் கடைசியில் வரி செய்தது. கூரை போட்ட வீட்டுக்குத்தான் வரி என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்ததாம். கடைசிப் பிரபு கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். மிச்சத்தை மழை பார்த்துக்கொண்டது.

காகிதத்தை மிச்சம் பிடிக்கிற மனிதர் அந்தப் பாதிரியார். பக்கம் தீர்ந்ததும், எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதியிருந்தார். துரை அதைப் படித்திருந்தால் கடிதத்தை என்னிடம் தந்திருக்க மாட்டார். எனக்கு அளவு வேண்டும். அதனால் பூதக்கண்ணாடி வைத்துக் குறுக்கு வரிகளையும் படித்தேன். "கோட்டைக் கற்களில் பெரும்பகுதியைப் பக்கத்துப் பண்ணையின் குத்தகைக்காரர் வண்டி வண்டியாக ஏற்றிப் போய் மாட்டுத் தொழுவம் கட்டிக்கொண்டார். அவர் பெயர் கின்லோர். தொழுவம் நாற்பதடி நீளம், பதினெட்டடி அகலம். இன்றும் மிக நல்ல நிலையில் உள்ளது." மொத்தக் கடிதத்திலும் திருத்தமாகச் சொல்லப்பட்ட அளவு அந்தத் தொழுவத்தின் அளவு ஒன்றுதான்.

டிராப்ட்ஸ்மேனுக்கு வேண்டியது அளவு, பரம்பரை அல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தேன். தபால் அட்டையில் கோட்டைக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பசுவின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் படத்தை முடித்தேன். கோபுரத்தின் ஒரு மூலை மட்டும். முப்பதடி உயரத்துக்கு ஒரு சுவர். அதோடு சேர்ந்த இன்னொரு சுவர் சரிந்து சரிந்து இறங்கி இடுப்பளவில் முடிகிறது. உள்ளே பதினோரு படி ஏறி அந்தரத்தில் நின்றுவிடும் சுழற்படிக்கட்டு. பதினைந்தடி உயரத்தில், கீழே தரையே இல்லாமல், குளிர்காய ஒரு கணப்பு அடுப்பு. ரங்கூன் வெயிலுக்கு அதுதான் சரியான உயரம்.

படம் மேஸ்திரி அங்கமுத்துவிடம் போனது. அங்கமுத்து ராமநாதபுரம் பக்கத்துக்காரர். முப்பது கொத்தனார்களை ஊரிலிருந்து கூட்டிவந்து, அவர்களோடு ஒரே கொட்டகையில் படுத்து, ஒரே உலையில் சாப்பிட்டவர். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் முதல் நாள் கட்டிய சுவரில் தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பார். குண்டு சுவரைவிட்டு ஒரு நெல் விலகினாலும் பிரித்துக் கட்டச் சொல்வார். அவர் படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, படத்துல தப்பு இருக்கு. சுவரு பாதியில நிக்குது."

"தப்பில்லண்ணே. அப்படித்தான் கட்டணும்."

"அதுக்கு மேல?"

"மேல ஒண்ணும் கெடையாது."

"ரெண்டாம் மாடியில அடுப்பு போட்டிருக்கீங்க. தரை எங்க?"

"தரை விழுந்துபோச்சு."

"எப்ப விழுந்துச்சு? நான் இன்னும் அஸ்திவாரமே தோண்டலையே!"

ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இடிஞ்ச வீட்டைக் காட்டித்தான் இவுக பெரிய மனுசன்னு காட்டிக்குவாகளா? எங்க ஊர்ல இடிஞ்ச வீடு இருந்தா மூடி மறைப்போம்" என்றார். அதோடு அந்தச் சரிந்த சுவர் ஒன்பது அங்குலம் வெளியே சாய்ந்திருக்க வேண்டும் என்று துரை சொன்னபோது சண்டையே வந்துவிட்டது. "என் கையில கோணச் சுவரு வராது. கோணச் சுவரு வேணும்னா கோணக் கையனாப் பாத்துக் கூப்பிடச் சொல்லுங்க" என்று கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். கடைசியில் சமாதானம் ஒன்று பேசினோம். அங்கமுத்து தமக்குத் தெரிந்தபடி நேராக, முழுசாகக் கட்டிவிடுவது. சாய்வைத் துரை விட்டுவிடுவது, பிறகு வேண்டிய அளவுக்கு உடைத்துக்கொள்வது.

ரங்கூனுக்கு வடக்கே மாவ்பிப் பக்கத்திலிருந்து செம்புறைக்கல் வந்தது. சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து. சித்திரையில் ஆரம்பித்து, மழை பிடிப்பதற்குள் மூலைச் சுவர் இரண்டும் நேராக எழுந்து நின்றன. துரை பங்களாவை ஒட்டிய ஏரிக்கரைச் சாலையில் போகிற தமிழர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். பிறகு உடைக்கிற நாள் வந்தது. துரை நடுவில் நின்றுகொண்டு புகைக்குழாயாலேயே இங்கே, அங்கே என்று காட்டினார். அங்கமுத்து எதிரே இருந்த தேநீர்க் கடைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "பெத்த புள்ளைக்கு மொட்டை போட்டா பாக்கலாம், தம்பி. காலை ஒடிக்கிறதை எப்படிப் பாக்குறது?" என்றார். நானும் அவர் பக்கத்தில் முதுகைத் திருப்பி உட்கார்ந்தேன்.

டன்வாரி கல் சாம்பல் நிறம் என்பதால் செம்புறைக்கல்லுக்கு விளக்குக் கரியும் சுண்ணாம்பும் கலந்து பூசினோம். பாசி எப்படி வரவழைப்பது என்று துரை ஒரு வாரம் கவலைப்பட்டார். ரங்கூன் மழைக்காலத்தில் பதினைந்து நாள் அசையாமல் இருந்தால் எதன்மேலும் பாசி பிடிக்கும். எங்கள் தலைமைக் குமாஸ்தாவின் மேஜைக் கோப்புகளில்கூட நான் பார்த்திருக்கிறேன். கார்த்திகைக்குள் அந்தச் சுவருக்கு நானூறு வயது ஆகிவிட்டது.

திருநாள் விருந்தைத் துரை தம் தோட்டத்திலேயே வைத்தார். படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்காக என்னையும் வரச் சொல்லியிருந்தார். பாவாடை கட்டிய பெரிய மனிதர்கள் சுவரைச் சுற்றி வந்து உச்சுக் கொட்டினார்கள். டால்மர் துரை மட்டும் கைத்தடியால் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல வேலைப்பாடு. இங்கே யாரை வைத்துக் கட்டினாய்?" என்று கேட்டார். பேச்சு நின்றது. எல்லோரும் கின்லோர் துரையைப் பார்த்தார்கள்.

"யாரும் கட்டவில்லை" என்றார் துரை. "ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு டன்வாரியிலிருந்து கப்பலில் கொண்டுவந்தேன்."

கைதட்டல் எழுந்தது. மறுவாரம் அவர் சங்கத்துக்குத் தலைவரானார். நான் மடித்த படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அங்கமுத்துவும் முப்பது பேரும் பட்ட பாட்டை ஒரே வாக்கியத்தில் கப்பலேற்றிவிட்டாரே என்று வயிறு எரிந்தது.

அது வெறும் வயிற்றெரிச்சலோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். மழைக்கு முன் அந்தச் சாலையில் போனவர்கள் முழுச் சுவரைப் பார்த்தார்கள். மழைக்குப் பின் போனவர்கள் இடிந்த சுவரைப் பார்த்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. "அங்கமுத்து கட்டின சுவரு ஒரு மழைக்குத் தாங்கலையாம்" என்ற பேச்சு தமிழர் தெருக்களில் வாய்க்கு வாய் போனது. இடிந்த சுவரை ஒரு மனுஷன் வேண்டுமென்றே கட்டச் சொல்வான் என்று நம்புகிற அளவுக்கு நம் ஜனங்களுக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கோயிலுக்கு ஒரு கல்மண்டபம் எடுக்கக் கமிட்டி ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. கமிட்டித் தலைவர் வேலாயுதம் பிள்ளை, பலசரக்கு மண்டிக்காரர். மண்டப வேலை அங்கமுத்துவுக்குத்தான் என்று வாய்ச்சொல்லாகப் பேசி வைத்திருந்தார். இந்தப் பேச்சு காதில் விழுந்ததும், "பொங்கல் கழியட்டும், யோசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அங்கமுத்து என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"இருபத்தி ரெண்டு வருசமா இந்த ஊர்ல கட்டுறேன், தம்பி. கிடங்கு கட்டினேன், கக்கூஸ் கட்டினேன், புகைபோக்கி கட்டினேன். எதுலயும் என் பேரு இல்ல, நான் கேக்கவும் இல்ல. சாமிக்கு ஒண்ணு கட்டிட்டு ஊருக்குப் போயிரலாம்னு இருந்தேன். இப்ப சுவரு தாங்காத மேஸ்திரின்னு பேரோட போகச் சொல்றாக. துரைகிட்ட ஒரு கடுதாசி வாங்கிக் குடுங்க. 'நான் சொல்லித்தான் உடைச்சாக'ன்னு ஒரு வரி. அது போதும்."

நான் கேட்டேன். துரை புகைக்குழாயை எடுத்து, அதனுள்ளே பார்த்து, மறுபடி வாயில் வைத்தார்.

"கற்கள் கப்பலில் வந்தன, சுப்பையா. கப்பலில் வந்த கல்லுக்கு மேஸ்திரி எதற்கு?"

என் முகத்தைப் பார்த்தே சொன்னார். படம் போட்டவனிடமே அதைச் சொல்ல முடிந்ததென்றால், அதற்குள் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம். இழுப்பறைக்குள் இருந்த தொழுவப் பக்கம் எனக்கு ஞாபகம் வந்தது. அதை எடுத்து மேஜையில் விரித்தால் போதும். ஆனால் என் வேலை அப்போது இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் வீரன் இல்லை. "எஸ் சார்" என்று வெளியே வந்தேன். அந்த "எஸ் சார்" இன்றைக்கும் எனக்குக் கசக்கிறது.

வெட்கத்தில், துரை சொன்னதையும் கடிதத்தில் இருந்த தொழுவ விஷயத்தையும் அங்கமுத்துவிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தாத்தா கட்டின தொழுவம் இன்னும் நிக்குதாமே! அந்த மனுசனைத்தானே இவரு கையெடுத்துக் கும்பிடணும்? தொழுவத்தைக் கட்டச் சொல்லியிருந்தா சந்தோசமாக் கட்டியிருப்பேனே" என்றார். பிறகு, "அந்தக் காயிதத்தைக் காட்டி மிரட்ட வேணாம் தம்பி. அந்தப் பாவம் நமக்கெதுக்கு? வேற வழி இருந்தாச் சொல்லுங்க" என்றார்.

வேறு வழி ஒன்று இருந்தது. அதைக் கம்பெனிக்குச் செய்துகொடுத்ததே கின்லோர் துரைதான். எங்களிடம் கட்டுவதற்கு வாய்ச்சொல் போதும், நல்ல சுவரை இடிப்பதற்குத்தான் எழுத்து வேண்டும். முன்பு ஒரு தரம் டெலிபோனில் யாரோ சொன்னதைக் கேட்டு எங்கள் ஆட்கள் பக்கத்துக் கம்பெனிக்காரனின் கிடங்குச் சுவரைச் சுத்தமாக இடித்து, செங்கல்லை அடுக்கியும் வைத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு துரை ஒரு பழுப்பு நிற ஃபாரம் அச்சடித்தார். இரண்டு பிரதி, ஒன்று கோப்புக்கு, ஒன்று மேஸ்திரிக்கு. ஆறு கட்டங்கள். நீலப் பென்சில் கையெழுத்து இல்லாமல் நல்ல சுவரில் கடப்பாரை வைத்தவனுக்கு அன்றோடு வேலை போய்விடும். மழைக்கு முன் கோட்டையை உடைத்தபோது அதைக் கட்டுமான வேலையோடு சேர்த்துவிட்டதால் ஃபாரம் எழுதவில்லை.

இதை நான் சும்மா பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னேன். அங்கமுத்து வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டு வந்தார்.

"துரை எப்ப மோல்மீன் ஊருக்குப் போறாரு?"

"திங்கக்கிழமை. திரும்ப மூணு வாரம் ஆகும்."

"சிமெண்டு வேணும், தம்பி. சுண்ணாம்பு இறுகக் காத்திருக்க நேரமில்ல. கோட்டை வேலைக்குன்னு சீட்டு எழுதிக் குடுங்க."

அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி சீட்டு எழுதினேன்.

மூன்று வாரத்தில் அவர்கள் கட்டிய கட்டு இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். பழைய உடைசலில் கல்லுக்குக் கல் பல் விட்டுப் பிணைத்து, சரிந்து இறங்கிய சுவரை உயர்த்தி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடுப்புக்குக் கீழே தரை வந்தது. படிக்கட்டு ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கமுத்து தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்ததை நான் அந்த மூன்று வாரத்தில்தான் பார்த்தேன். முடிந்ததும் உச்சியில் ஒரு வைக்கோல் திருஷ்டிப் பொம்மையையும் கட்டினார். அதற்கு மீசை வரைந்திருந்தது.

துரை திரும்பி வந்து வண்டியிலிருந்து இறங்கியவர் அப்படியே நின்றார். மூக்கின் சிவப்பு முகம் முழுக்கப் பரவியது. அந்த ஞாயிற்றுக்கிழமை டால்மர் துரை, ஸ்காட்லாந்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு சரித்திரப் பேராசிரியரைக் கோட்டை பார்க்க அழைத்து வருவதாக இருந்தது. கப்பலில் வந்த இடிபாடு மூன்று வாரத்தில் வளர்ந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல முடியாது.

"யார் இதைச் செய்யச் சொன்னது?"

நான் மொழிபெயர்த்தேன். அங்கமுத்து கையைக் கட்டிக்கொண்டு, "துரை ஊருக்குப் போறப்ப வேலை அரைகுறையாக் கெடந்துச்சு. நல்ல மனுசன் வீடு மூளியாக் கெடக்கக் கூடாதுன்னு முடிச்சுவெச்சேன்" என்றார். இதைவிடப் பணிவாக யாரும் பேசிவிட முடியாது.

"இடி! இப்போதே இடி!"

"சீட்டு வேணுமே துரை" என்றார் அங்கமுத்து. "நல்ல சுவராச்சே."

நான் ஃபாரத்தை எடுத்து நீட்டினேன். துரை என்னைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார், அந்தப் பழுப்புக் காகிதத்தைப் பார்த்தார். தாம் வைத்த சட்டத்தைத் தாமே மீறுவதற்கு அவருடைய உடம்பு ஒப்பவில்லை. உட்கார்ந்து, எனக்குப் பழக்கமான அதே நிதானத்தோடு, கட்டம் கட்டமாக நிரப்பினார். இடம்: என் பங்களா தோட்டம். கட்டியவர்: அங்கமுத்து மேஸ்திரி. பொருள் என்ற கட்டத்தில் பென்சில் கொஞ்சம் நின்றது. பிறகு "மாவ்பிக் கல்" என்று எழுதினார். பொய்யான அளவையோ பொருளையோ ஒரு ஃபாரத்தில் எழுத அவரால் முடியாது. விருந்தில் சொல்வது வேறு, ஃபாரத்தில் எழுதுவது வேறு. சுவரின் நிலை: மிக நன்று. இடிக்கும் அளவு: படத்தில் உள்ளபடி. கடைசிக் கட்டம், இடிப்பதற்கான காரணம். அதில் ரொம்ப நேரம் உட்கார்ந்தார். புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். கடைசியில் எழுதினார்: "முழுமையாக இருப்பதால்."

கீழே நீலக் கையெழுத்து. எழுதியதைப் படித்துப் பார்த்து "ம்" என்றார்.

மேஸ்திரியின் பிரதியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே இருவரும் வேலாயுதம் பிள்ளையின் மண்டிக்கு ஓடினோம். நான் ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் படித்தேன். பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"சுவரு நல்லா இருக்கு, முழுசா இருக்கு, அதனால இடிக்கணும். இதை ஒரு துரை எழுதினாரு. நான் நம்பணும். ஏம்ப்பா சுப்பையா, உங்கப்பா எவ்வளவு நல்ல மனுஷன்! நீ ஏன் இப்படி ஆயிட்ட?"

அங்கமுத்துவின் முகம் செத்துவிட்டது. இவ்வளவு பாடுபட்டு உண்மையைக் காகிதத்தில் வாங்கினால், அந்த உண்மை பொய்யைவிட நம்ப முடியாததாக இருந்தது. "காயிதம் வேணாங்க. சனிக்கிழமை நேர்ல வந்து சுவரைப் பாருங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்" என்று மட்டும் சொன்னார்.

பிள்ளை வந்தார். நாங்கள் வியாழக்கிழமையே இடிக்க ஆரம்பித்திருந்தோம். சனிக்கிழமை காலை வரை பெயர்ந்தது இரண்டு வரிசைக் கல். மறுநாள் வரவேண்டிய பேராசிரியரை, தமக்குக் காய்ச்சல் என்று சொல்லித் துரை அதற்குள் அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருந்தார். பன்னிரண்டு பேர் கடப்பாரையோடு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அங்கமுத்து தேநீர்க் கடைக்குப் போகவில்லை, தாமே ஒரு கடப்பாரையைப் பிடித்திருந்தார். பிள்ளை கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தார். ஆட்கள் வேண்டுமென்றே மெதுவாகக் குத்துகிறார்கள் என்று நினைத்திருப்பார். அங்கவஸ்திரத்தையும் சட்டையையும் கழற்றி என்னிடம் கொடுத்தார், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார், ஓர் ஆளிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கினார். இடுப்பளவு உயரத்தில் புதுக் கட்டு ஆரம்பிக்கிற இடத்தில் ஓங்கிக் குத்தினார். பொறி பறந்தது. மறுபடி குத்தினார். மண்டியில் மூட்டை தூக்கி முன்னுக்கு வந்த மனிதர், லேசில் விடுகிறவர் அல்ல. கால் மணி நேரம் குத்தியும் ஒரு கல்லின் மூக்குத்தான் உடைந்தது. உடம்பெல்லாம் செம்மண் தூசி அப்பிக்கொள்ள, தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

வராந்தாவிலிருந்து கின்லோர் துரை கையை நீட்டிக் கத்தினார்: "சுப்பையா! அந்தப் புதுத் தடியன் சுத்தச் சோம்பேறி. நாளையிலிருந்து அவனை வரவேண்டாம் என்று சொல்!"

பிள்ளை தலையைத் தூக்கினார். "என்னைக் காட்டி என்னமோ சொல்றாரே. என்ன சொல்றாரு துரை?"

அங்கமுத்துவும் கடப்பாரையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அதுவரை துரைமார் சொன்னதையெல்லாம் ஓர் எழுத்து பிசகாமல் தமிழில் சொன்னவன் நான்.

"அங்கமுத்து கட்டின சுவரு, கஷ்டப்படாதீங்க, அது அசையாதுன்னு சொல்றாரு" என்றேன்.

பிள்ளை சிவந்துபோன உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அதை அவரு வேற சொல்லணுமாக்கும்" என்று முனகினார். பிறகு, "மண்டபத்துக்கு நல்ல நாள் பாக்கச் சொல்றேன், மேஸ்திரி" என்றார்.

அங்கமுத்து கடப்பாரையைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வராந்தாவை நோக்கித் திரும்பி, துரைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டார். மண்டபம் கட்டி முடித்து ஊருக்குக் கப்பலேறுகிற நாளிலும், "ஆயிரம் இருந்தாலும் அன்னிக்குத் துரை வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னாரு, தம்பி" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். நான் அதைத் திருத்தவில்லை.